பாழடைந்த மில்லும் ஒரு ரெண்டாம் பரிசும்

(இறுதியாண்டு, அமைப்பியல் துறை)



மலர்க் குழுவினர் முதலில் என்னிடம் கவிதைதான் கேட்டார்கள். கவிதை எழுதுகிற அளவுக்கு எனக்குக் காதல் அனுபவமும் கிடையாது, தமிழும் போதாது. "அப்படின்னா உன் போட்டோவையாவது குடுடா, பின்அட்டையில போட்டுக்கறோம்" என்றார்கள். போன வருஷம் நம் கல்லூரிப் புகைப்படப் போட்டியில் ரெண்டாம் பரிசு வாங்கிய என் படத்தைத்தான் கேட்டார்கள். தர முடியாது என்றேன். "பெரிய பி.சி.ஸ்ரீராம்னு நெனப்பா?" என்று ஒருவன் கோபித்துக்கொண்டான். அவனுக்கும் உங்களுக்கும் காரணத்தைச் சொல்லிவிடத்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் படம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கூரை போன ஒரு நீளமான கூடம். சன்னல் சட்டத்தைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஓர் அரசமரம். அதன் வேர் செங்கல் சுவரெல்லாம் கை பரப்பியிருக்கும். மேலேயிருந்து வெயில் சாய்வாக இறங்கும். தலைப்பு: 'இயற்கையின் மீட்சி'. நடுவராக வந்தவர் மேடையிலேயே, "மனிதன் தோற்ற இடத்தில் மரம் ஜெயித்திருக்கிறது" என்று பேசினார். கைதட்டல் நிற்கவே ரொம்ப நேரம் ஆயிற்று. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் கீழே இறங்கினேன்.

அது எங்கள் ஊர் நூல் மில். பெயர் வேண்டாம். என் அப்பா அங்கே ஸ்பின்னிங்கில் சைடராக வேலை பார்த்தவர். நான் பிறப்பதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 2004-இல், கதவடைத்தார்கள். அப்புறம் திறக்கவில்லை. சான்றிதழையும் படத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று நான் நிற்கிறேன். அவரோ விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்.

"இது ரெண்டாவது லைன் சன்னலு. இந்த மரம் நிக்குதுல்ல, இங்கதான் எங்க தண்ணிப்பானை இருந்துது. நைட் ஷிப்ட்ல எல்லாரும் இங்கதான் வந்து நிப்போம்."

அப்புறம் கேட்டார்: "ஏங்கண்ணு, இந்தச் சன்னல் கம்பியில துணிக்கொடி கட்டியிருப்பாங்களே, அதைக் காணோம்?"

எனக்கு முகம் சுண்டிப்போச்சு. கொடி இருந்தது நிஜம். மில் குவார்ட்டர்ஸில் இன்னும் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. கிராஜுவிட்டி பாக்கி வராமல் காலி செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறவர்கள். அவர்கள் துணி காயப்போடும் கொடி அந்த மரத்துக்கும் சன்னலுக்கும் நடுவே ஓடியது. ஒரு லுங்கி, ரெண்டு நைட்டி, ஒரு பள்ளிக்கூட யூனிபாரம். படத்துக்கு அது இடைஞ்சலாகப் பட்டது. துணிகளை எடுத்து ஓரமாக வைத்தேன், கொடியை அவிழ்த்தேன், படம் எடுத்தேன், மறுபடியும் கட்டிவிட்டு வந்துவிட்டேன். யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

"அப்ப, அங்க ஆளே இல்லைன்னு ஆக்கிட்ட" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாக்கிப் பணத்துக்காக இருபது வருஷமாக அந்த மூன்று குடும்பமும் சொல்லிவருகிற ஒரே வார்த்தை, 'நாங்க இங்கதான் இருக்கோம்' என்பது. நாளைக்கு யாராவது, 'அங்கே ஆளே கிடையாது, காடு மண்டிக் கிடக்கு' என்று சொல்ல நினைத்தால், பரிசு வாங்கிய என் படமே சாட்சி!

மரம் ஜெயித்த கதை

இப்போது நம்ம ஆட்களில் பாதிப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு பாழடைந்த பங்களா, மூடிய மில், கைவிட்ட குவார்ட்டர்ஸ் என்று அலைகிறார்கள். நானும் அந்தக் கோஷ்டிதான். அதில் ஓர் அழகு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பச்சையும் செங்கல் சிவப்பும் சேர்ந்தால் கண் தானாகப் போகிறது. ஆனால் எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே வசனம்: 'இயற்கை தன் இடத்தை மீட்டுக்கொண்டது.' அமைப்பியல் படிக்கிற நாமாவது இந்த வசனத்தை ஒருதரம் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

மரம் எப்படி வந்தது? காக்காயோ மைனாவோ அரசம்பழம் தின்றுவிட்டு சன்ஷேடு மேல் எச்சம் போடுகிறது. கட்டடம் புழக்கத்தில் இருக்கும்போதும் அது போட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்போது வருஷத்துக்கு ஒருமுறை ஆள் ஏறி, மழைநீர்க் குழாயை அடைத்த சருகை எடுத்து, முளைத்த கன்றைப் பிடுங்கிப் போட்டார்கள். ஆள் ஏறுவது நின்றது. குழாய் அடைத்தது. தண்ணீர் தேங்கிச் சுவரில் இறங்கியது. பழைய மில் சுவர் சுண்ணாம்புச் சாந்துக் கட்டு. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் பாசி, அப்புறம் அந்தப் பாசி மண்ணில் பெரணி, அப்புறம் அரசு, ஆல். வேர் ஈரத்தைத் தேடிச் சாந்து இடுக்கில் நூல் மாதிரி நுழைகிறது. வருஷா வருஷம் பருத்துக் கல்லைத் தள்ளுகிறது.

கான்கிரீட் கட்டடத்தில் கதை கொஞ்சம் வேறு. உள்ளே இருக்கிற கம்பியைக் கான்கிரீட்டின் காரத்தன்மைதான் காப்பாற்றுகிறது. விரிசல் வழியாகத் தண்ணீரும் காற்றும் போய்ப்போய் அந்தக் காப்பு போனதும் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பை விட அதிக இடம் வேண்டும். உள்ளேயிருந்து முட்டி, மேல்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சீலிங்கில் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை நம் பழைய ஹாஸ்டல் பாத்ரூமிலேயே பார்த்திருப்பீர்கள்!

ஆக, மரம் ஜெயித்த கதையின் முதல் வரி, குழாயில் சருகு எடுக்க ஆள் ஏறாமல் போன நாள். ஆள் ஏன் ஏறவில்லை? சம்பளம் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? மில்லை மூடினார்கள். மூடியது ஒரு முடிவு. அந்த முடிவை எடுத்தவர்கள் மனிதர்கள். 'இயற்கை எடுத்துக்கொண்டது' என்று எழுதுகிற நாம், 'யார் விட்டார்கள்' என்று எழுதுவதே இல்லை. எல்லாப் பழியையும் ஒரு அரசங்கன்றின் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

இன்னொன்று. படத்தில் தெரிகிற பச்சை எல்லாம் 'திரும்பி வந்த இயற்கை' என்பதும் பல இடத்தில் தப்பு. மில்லின் பின்பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த செடி. இந்த மண்ணில் அது எதை மீட்கிறது? காலி இடத்தைக் கண்டதும் வந்து உட்கார்ந்த இன்னொரு குடித்தனக்காரர், அவ்வளவுதான்.

தனுஷ்கோடியில் கேட்ட கேள்வி

பரிசு வாங்கிய சில மாதத்தில் கல்விச் சுற்றுலா என்று பாம்பனுக்குப் போனோம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய ரயில் பாலத்தையும், நடுவில் ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறி கப்பலுக்கு வழிவிடுகிற அதிசயத்தையும் பற்றிச் சார் விளக்கினார். 1914-இல் திறந்து, 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றுபோன பழைய பாலத்தின் வரலாற்றையும் சொன்னார். அங்கிருந்து தனுஷ்கோடி. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்ததால் இப்போது பஸ்ஸே போகிறது. அதற்கு முன்னால் மணலில் ஓடும் ஜீப்பும் வேனும்தான்.

ஒருகாலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போகலாம். ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் என்று புழங்கிய ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குப் போயிற்று. ஊரே போயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

தேவாலயத்தின் சுவர் மட்டும் நிற்கிறது. பவளப்பாறைக் கல்லை வெட்டிக் கட்டியது. உப்புக்காற்று அந்தக் கல்லின் துளைகளில் புகுந்து காய்கிறது. காய்ந்த உப்பு படிகமாக வளர்ந்து கல்லைத் துகள் துகளாக உதிர்க்கிறது. தொட்டால் கையில் மாவாக ஒட்டுகிறது. சுற்றிலும் மணலில் அடம்பன்கொடி ஊதாப்பூவோடு படர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே ராவணன் மீசை என்கிற முள்புல். ரெண்டும் சேர்ந்து காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. நாம் சிமெண்டும் ஜல்லியும் போட்டுத் தடுப்புச்சுவர் என்று படிக்கிறோமே, அந்த வேலையை ஒரு கொடி சத்தமில்லாமல் செய்கிறது. 2025-இல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆக, அங்கே இயற்கை உண்மையாகவே வந்திருக்கிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

நான் சுவரைப் படம் எடுக்கிறேன். ஓர் ஓலைக்கடை அம்மா சட்டத்துக்குள் வந்துவிட்டார். "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்றேன். பழக்கதோஷம்! அவர் பொரித்த மீன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"வர்ற பிள்ளைக எல்லாம் இதத்தான் சொல்லுதுக. எங்களத் தள்ளிவிட்டுப் படம் எடுத்து, பேய் ஊருன்னு போடுறீக. நாங்க பேய் மாதிரியா தம்பி தெரியுறோம்?"

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவின் துணிக்கொடிக் கேள்வியும் இந்த அம்மாவின் கேள்வியும் ஒன்றாகக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. புயலுக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக்குடிசை போட்டு, மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்து, தொழில் செய்து வாழ்ந்திருக்கிறார்கள். படத்தில் மட்டும் அவர்கள் கிடையாது.

இன்னொரு விஷயமும் அங்கேதான் உறைத்தது. அதே புயல் பாம்பன் பாலத்தையும்தான் பிய்த்துப் போட்டது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரனிடம் வந்தது. பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டினாரே, அவரேதான். 46 நாளில் பாலம் தயார்! ஆனால் ராமேஸ்வரத்துக்கு அப்பால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவே இல்லை. புயல் ஒன்றுதான். பாலம் வேண்டும் என்று ஒரு முடிவு. ஊர் வேண்டாம் என்று ஒரு முடிவு. அந்த மணலில் மறுபடி ஊர் கட்டாதது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனாலும் அதை முடிவு என்றே சொல்ல வேண்டும். கடல் கொண்டுபோயிற்று என்பதோடு கதை முடிந்துவிடாது.

ஊர் ஊராய்ப் பாழ்

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் கிடையாது. உக்ரைனில் பிரிப்யாத் நகரம். 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மறுநாளே 49 ஆயிரம் பேரை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். இன்றைக்கு அங்கே தெருவெல்லாம் மரம். படம் எடுக்கப் போனவர்களில் சிலர், குழந்தைகள் பள்ளியில் கிடந்த பொம்மைக்கு முகமூடி மாட்டி உட்கார வைத்து எடுத்தார்கள். நான் துணிக்கொடியை அவிழ்த்தேன்; அவர்கள் பொம்மையை ஜோடித்தார்கள். ரெண்டும் ஒரே புத்திதான்.

அமெரிக்காவில் டெட்ராய்ட். கார் தொழிலால் வளர்ந்து 1950-இல் 18 லட்சத்துக்கும் மேல் ஜனம் இருந்த நகரம், 2010-இல் ஏழு லட்சம் சொச்சமாகச் சுருங்கியது. 1988-இல் மூடிய அதன் பெரிய ரயில் நிலையத்தை உலகத்துப் புகைப்படக்காரர்கள் எல்லாம் வந்து எடுத்துத் தள்ளினார்கள். உடைந்த சன்னல், சுவரில் கிறுக்கல், மேலே புல். 'எங்கள் அவமானத்தை அலங்காரமாக விற்கிறீர்கள்' என்று அந்த ஊர்க்காரர்கள் பொருமினார்கள். கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? 2018-இல் ஃபோர்டு நிறுவனம் அந்தக் கட்டடத்தை வாங்கி, புதுப்பித்து, 2024-இல் திறந்துவிட்டது! விடுவது ஒரு முடிவு என்றால் எடுப்பதும் ஒரு முடிவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, எப்படித்தான் எடுப்பது? நான் கண்டுபிடித்த குருமார்கள் ஜெர்மனிக்காரத் தம்பதி, பெர்ன்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும். 1959-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள், தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டிகள், இரும்பு உலைகள், சுரங்கக் கோபுரங்கள் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவற்றில் பல இடிபடக் காத்திருந்தவை. அவர்களிடம் சாய்ந்த வெயில் கிடையாது, பனிமூட்டம் கிடையாது. மேகமூட்டமான வெளிச்சத்தில், நேராக நின்று, நம்ம எலிவேஷன் டிராயிங் மாதிரி எடுப்பார்கள். தலைப்பும் அப்படியே: என்ன கட்டடம், எந்த ஊர், எந்த வருஷம். அவர்கள் படத்திலும் ஆள் இருக்காது. ஆனால் அதைப் பார்த்து, இன்ன ஊரில் இன்ன உலை இருந்தது என்று யாரும் சொல்லலாம். 'இயற்கையின் மீட்சி' என்ற என் படத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? அந்த மில் எந்த ஊரிலும் இருக்கலாம்!

"கலைக்கு எதுக்குடா விலாசம்?"

இதையெல்லாம் நம் போட்டோ கோஷ்டியில் சொன்னபோது இ.இ.இ. நண்பன் ஒருவன் மடக்கினான். "போட்டோன்னா அழகு. பாக்கறவன் மனசுல ஏதோ தோணணும். நீ கீழ பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி எழுதி வெச்சா எவன் பாப்பான்?"

அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. என் படம் அழகாக இல்லாவிட்டால் நடுவர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். அந்த மில்லைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தைகூட வந்திருக்காது. எல்லாப் பாழுக்கும் பின்னால் கண்ணீர்க்கதை இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. சில கட்டடம் வேண்டாம் என்றுதான் விட்டிருப்பார்கள், நிம்மதியாக மரம் வளரட்டும். அழகாகவே எடுங்கள். ஆனால் அழகுக்காக ஆளைத் தள்ளினால் அது பொய். விலாசத்தை மறைத்தால் அது பாதிப் பொய். மேடை நாடகம் போடுகிறோம் என்றால் நாடகம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். 'கைவிடப்பட்ட இடம்' என்று தலைப்பு வைத்தால் கைவிட்டது யார், விடப்பட்டது யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கணும்.

நாலு வேண்டுகோள்

உபதேசம் பண்ணுகிற வயசு எனக்கு இல்லை. பட்டதைச் சொல்கிறேன்.

ஒன்று: கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வாட்ச்மேன் இருந்தால் அவரிடமே முதலில் பேசுங்கள். பாதிக் கதை அவரிடம்தான் இருக்கும். தனியாகப் போகாதீர்கள். துருப்பிடித்த கம்பியோடு தொங்குகிற சிலாபுக்குக் கீழே நிற்பதும், செடி மூடிய கிணற்றுப் பக்கம் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஃபோகஸ் பார்ப்பதும் வீரம் கிடையாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மிதித்து உடைக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பாம்பு இருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரியணுமா?

ரெண்டு: எதையும் நகர்த்தாதீர்கள், எடுக்காதீர்கள், ஜோடிக்காதீர்கள். கொடியில் துணி இருந்தால் துணியோடு எடுங்கள்.

மூன்று: ஒரு படமாவது நேராக நின்று, முழுச் சுவரும் விழும்படி எடுங்கள். பக்கத்தில் ஓர் ஆளையோ ஸ்கேலையோ நிறுத்தினால் அளவு தெரியும். அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே தூரத்தில் நின்று மறுபடி எடுங்கள். வேர் எவ்வளவு பருத்தது, விரிசல் எவ்வளவு நீண்டது என்று தெரியும். நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். நம் படத்தில் கொஞ்சம் அளவும் இருக்கட்டுமே!

நாலு: படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுங்கள். இது என்ன இடம், எப்போது மூடினார்கள், ஏன், இப்போது அங்கே யார் இருக்கிறார்கள். தெரியாவிட்டால் ஊருக்குள் போய் டீக்கடையில் ஒரு டீ குடித்துக் கேளுங்கள். நம்ம ஊரில் கேட்டால் சொல்லாதவர்கள் யார்?

கடைசியாக ஒன்று. போன மாதம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி மில்லுக்குப் போனேன். வாட்ச்மேன் தாத்தா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் கூடத்துக்குள் நடந்தபடியே எந்த மிஷின் எங்கே இருந்தது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அப்பா அந்தச் சன்னல் பக்கம் போய், பானை இருந்த இடத்தில் நின்றார். மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வளந்திருக்குது" என்றார். கொடியில் அன்றைக்கும் துணி காய்ந்துகொண்டிருந்தது. யூனிபாரம் மாறியிருந்தது; அந்தப் பையன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டானாம். உச்சி வெயில் வேறு. நம் கோஷ்டி சொல்கிற கணக்குப்படி படம் எடுக்கவே கூடாத நேரம்.

நேராக நின்று ஒன்று எடுத்தேன். மரம், சன்னல், கொடி, துணி, அப்பா எல்லாம் அதில் இருக்கிறது. வெளிச்சம் சுமார்தான். கீழே நாலு வரியும் எழுதிவிட்டேன். மில் பெயர், ஊர், வருஷம், பாக்கிக் கணக்கு எல்லாம். பெயரோடு மலரில் போட்டால் கல்லூரிக்கு வம்பு வருமோ என்று எனக்கே யோசனை. அதனால் இந்தக் கட்டுரையோடு தரவில்லை. இந்த வருஷப் போட்டிக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன். பரிசு கிடைக்குமா என்று தெரியாது. கண்காட்சி நாளில் நீங்கள் வந்தால், படத்தைப் பார்க்கும் முன்னால் கீழே இருக்கிற நாலு வரியைப் படித்துவிடுங்கள், போதும்.